கேட்காமல் தூக்கிய பிள்ளை

என் முந்தானையை ஒரு பெண் இறுக்கிப் பிடித்திருந்தாள். இன்னொருத்தி என் கைப்பையை வாங்கித் தலைகீழாகக் கொட்டிக்கொண்டிருந்தாள். அதிலிருந்து விழுந்தவை ஒரு மூக்குக் கண்ணாடி, ஒரு திருநீற்றுப் பொட்டலம், பாதி தின்ற சீரக மிட்டாய்ப் பாக்கெட். சுற்றிலும் கூட்டம். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒரு சொல்கூட எனக்குப் புரியவில்லை. ஆனால் எதற்காகப் பேசுகிறார்கள் என்பது பச்சைப் பிள்ளைக்குக்கூடப் புரிந்திருக்கும்.

என்னைப் பிள்ளை பிடிக்கிறவள் என்று நினைத்துவிட்டார்கள்.

இடம், தான்சானியாவில் பருத்தி விளைகிற ஒரு சின்ன ஊர். காலம், நான் ஓய்வு பெற்ற மறுவருஷம். என் இடுப்பிலிருந்த மூன்று வயதுப் பிள்ளை ரெஹேமாவை அவளுடைய அம்மா அப்போதுதான் பிடுங்கிக்கொண்டு போயிருந்தாள். குளித்துக்கொண்டிருந்தவள் சத்தம் கேட்டு ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டே ஓடி வந்திருந்தாள். அவள் அழுததைப் பார்த்துப் பிள்ளையும் அழுதது. மோட்டார் பைக்கில் வந்த ஒருவர் வண்டியை எனக்குக் குறுக்கே நிறுத்திவிட்டு இறங்கினார்.

அவர்கள் நினைத்ததிலும் தப்பில்லை. நான் பிள்ளையைப் பிடித்துக்கொண்டுதான் வந்தேன். முப்பத்திரண்டு வருஷமாக அதுதானே என் வேலை.

பிள்ளை பிடிக்கிற டீச்சர்

பரளச்சிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் நான் அங்கன்வாடி டீச்சராக இருந்தேன். அருப்புக்கோட்டையிலிருந்து காலை பஸ்ஸில் போய் இறங்குவேன். பூட்டைத் திறந்து, பாயை விரித்துப் போட்டுவிட்டு, சமையல் செய்கிற பேச்சியம்மாவிடம் சாவியைக் கொடுத்துவிட்டு ஊருக்குள் நடப்பேன். மழையை நம்பி வெள்ளாமை செய்கிற ஊர். பருத்தி எடுக்க, மல்லி பிடுங்க என்று தாய்மார்கள் விடியுமுன்னே காட்டுக்குப் போயிருப்பார்கள். பிள்ளைகள் தானாக நடந்து சென்டருக்கு வருமா? வராது. நாம்தான் போய்ப் பிடிக்கவேண்டும்.

வாசலில் நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தால் கதை நடக்காது. நேரே அடுப்படிவரைக்கும் போவேன். கூழ் குடிக்கிற பிள்ளையை வாயைத் துடைத்து இடுப்பில் வைப்பேன். ஆட்டுக் கொட்டத்துக்குப் பின்னால் ஒளிந்திருப்பவனைக் காலைப் பிடித்து இழுப்பேன். இடுப்புக்கு ஒன்றாக இரண்டு பிள்ளைகள், கையைப் பிடித்துக்கொண்டு நாலு, பின்னால் அழுதுகொண்டே ஒன்று. தெருவில் உட்கார்ந்திருக்கிற ஆண்கள், "ஏய், டீச்சரு பிள்ளை பிடிக்க வாராக, ஓடு ஓடு" என்று கேலி பண்ணுவார்கள். நானும் சிரிப்பேன்.

ஒருநாள் மத்தியானம் பஞ்சவர்ணம் என்ற பெண் காட்டிலிருந்து நேரே சென்டருக்கு வந்தாள். காலையில் அவள் மகன் தூங்கிக்கொண்டிருந்ததால் அப்படியே தூக்கிவந்திருந்தேன்.

"பிள்ளையக் காணோம்னு பதறிட்டியா?" என்று கேட்டேன்.

"எதுக்குப் பதறணும்? பாய் கெடந்துச்சு, பிள்ளை இல்ல. டீச்சர் தூக்கிருப்பாகன்னு வேலையப் பாத்தேன்."

இப்படிப்பட்ட தாய்மார்களோடு முப்பத்திரண்டு வருஷம் இருந்தால் ஒருத்தி எப்படி ஆவாள்? என்னைப்போல ஆவாள்.

சுவருக்கு அந்தப்பக்கம்

தான்சானியாவுக்கு நான் தொண்டு செய்யப் போகவில்லை. சோறு பொங்கத்தான் போனேன். தம்பி கருப்பசாமி அங்கே ஒரு ஜின்னிங் மில்லில் ஃபிட்டர். பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கிற மில். "அக்கா, மூணு மாசம் வந்து இரு. ஒழுங்கா ஒரு ரசம் குடிச்சு வருசம் ரெண்டாச்சு" என்று போனில் கெஞ்சினான். என் வீட்டுக்காரர், "போயிட்டு வா, நான் மகன் வீட்டுல கஞ்சி குடிச்சுக்கிறேன்" என்றார். கிளம்பிவிட்டேன்.

விமானம், அதற்குப் பிறகு இன்னொரு விமானம், அதற்குப் பிறகு நாள் முழுக்க பஸ். கடைசியில் இறங்கிப் பார்த்தால் அதே கரிசல் மண். அதே வெடிப்பு. வீட்டுக்கு வீடு வேலியாக அதே திருகுகள்ளி. இவ்வளவு தூரம் வந்து திருச்சுழி ரோட்டிலேயே இறங்கிவிட்டதுபோல இருந்தது. "ஏலே, இதுக்கா இம்புட்டு டிக்கெட்டு?" என்று தம்பியிடம் கேட்டேன்.

அவன் மில்லுக்குப் போனபிறகு எனக்கு வீட்டில் வேலை இல்லை. ரசம் வைக்க எவ்வளவு நேரம் ஆகும்? மூன்றாம் நாள் காலையில் சுவருக்கு அந்தப்பக்கமிருந்து பிள்ளைகள் பாடுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு வீட்டுக்குள் உட்கார்ந்திருக்க எனக்குத் தெரியாது.

வேலைக்குப் போகிற தாய்மாரின் பிள்ளைகளைப் பகலில் வைத்துப் பார்த்துக்கொள்கிற இடம் அது. ஊர்க்காரர்களே சேர்ந்து நடத்துகிற சின்ன அறக்கட்டளை. வெளிநாடுகளிலிருந்து ஆட்கள் வந்து சில மாதம் தொண்டு செய்துவிட்டுப் போவதுண்டு. பொறுப்பாளர் நீமா என்ற பெண், என் மகள் வயது. எனக்கும் அவளுக்கும் நடுவில் ஓட்டை இங்கிலீஷ் ஓடும். மீதிக்குக் கை இருக்கிறது.

அங்கே அம்மாவுக்கு 'மாமா' என்று பெயர். வயதில் பெரிய பெண்கள் எல்லாரும் மாமாதான். முதல்நாள் ஒரு பிள்ளை என் சேலையை இழுத்து "மாமா" என்றதும், துணைக்கு வந்து எனக்குப் பின்னால் நின்ற தம்பியைத் திரும்பிப் பார்த்தேன்.

காலையில் பிள்ளைகளுக்குக் கம்பு மாதிரி ஒரு தானியத்தில் கஞ்சி காய்ச்சுவார்கள். கட்டி விழாமல் கிண்டுவதில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை. நாலாம் நாள் கரண்டி என் கைக்கு வந்துவிட்டது. அன்றைக்கு வீட்டுக்கு வந்த தம்பி, அடுப்பில் ஒன்றும் இல்லாததைப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "அக்கா, நீ ரெஸ்ட் எடுக்க வந்தியா, இல்ல டிரான்ஸ்பர் வாங்கிட்டு வந்தியா?"

சேர்ந்த அன்றே நீமா ஒரு தாளை நீட்டினாள். தொண்டு செய்ய வருகிறவர்கள் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்று இரண்டு பக்கத்துக்கு இங்கிலீஷில் இருந்தது. எங்கள் மேற்பார்வையாளர் அம்மா முப்பத்திரண்டு வருஷமாக இப்படித்தான் தாள்களை நீட்டுவார். கையெழுத்துப் போடுகிற இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி இருக்கும். அதைத் தேடிப் போட்டுவிட்டு வேலையைப் பார்ப்பேன். நீமாவின் தாளிலும் அப்படியே போட்டேன்.

மூன்றாம் நாள்

ரெஹேமா எப்போதும் என் பக்கத்தில்தான் உட்காருவாள். என் கண்ணாடி வளையலை ஒவ்வொன்றாகத் தள்ளி முழங்கைவரை ஏற்றுவாள், திரும்ப இறக்குவாள். அவள் தலையில் கருவாட்டு வாசம் அடிக்கும். நம் நெத்திலி மாதிரிப் பொடிமீனைக் காயவைத்துச் சந்தையில் விற்கிறவள் அவள் அம்மா. அந்த வாசத்துக்காகவே எனக்கு அந்தப் பிள்ளையைப் பிடித்துப்போனது.

இரண்டு நாளாக அவள் வரவில்லை. மூன்றாம் நாளும் காணோம். நீமா டவுனுக்குப் போயிருந்தாள். என் கால் தன்னால் கிளம்பிவிட்டது. நாலு வீடு தள்ளி, கள்ளி வேலிக்குள் அவள் வீடு. பெருக்கிப் போட்ட முற்றத்தில் பிள்ளை மட்டும் சோளக் கதிரைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆள் யாரும் இல்லை. "ஏத்தா, வா போவோம்" என்றேன். கையைத் தூக்கினாள். இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தேன்.

குழாயடியில் நின்ற ஒரு பெண் பார்த்துவிட்டுக் கத்தினாள். பிறகு நடந்ததைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேனே.

போர்வைக்காரர்

அந்தக் கூட்டத்தின் நடுவில் நின்றபோது எனக்கு என் மகன் ஞாபகம் வரவில்லை. வீட்டுக்காரர் ஞாபகம் வரவில்லை. ஒரு போர்வைக்காரர் ஞாபகம்தான் வந்தது.

சில வருஷங்களுக்கு முன்னால் எங்கள் பக்கத்தில் பிள்ளை பிடிக்கிறவர்கள் சுற்றுவதாகப் போன் போனாக வதந்தி ஓடியது. அந்தச் சமயத்தில் வடநாட்டுக்காரர் ஒருவர் சைக்கிளில் போர்வை கட்டிக்கொண்டு எங்கள் சென்டர் வாசலுக்கு வந்தார். ஒரு பிள்ளைக்குப் பிஸ்கட் கொடுத்தார். "யாருய்யா நீ" என்று முதலில் சத்தம் போட்டது நான்தான். ஊர் ஆண்கள் ஓடி வந்தார்கள். என்ன ஏது என்று கேட்பதற்குள் கன்னத்தில் இரண்டு அறை விழுந்துவிட்டது. போர்வை எல்லாம் புழுதியில் கிடந்தன.

தலையாரி வந்து விசாரித்தார். அருப்புக்கோட்டையில் அறை எடுத்துத் தங்கி வியாபாரம் பார்க்கிற மனுஷர் என்று தெரிந்தது. கூட்டம் கலைந்தது. அவர் ஒவ்வொரு போர்வையாக உதறி மடித்தார். யாரும் ஒரு முனையைப் பிடித்துக் கொடுக்கவில்லை. நான் ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்கவில்லை. நாம் பிள்ளையைக் காப்பாற்றத்தானே சத்தம் போட்டோம், இதற்கு எதற்கு மன்னிப்பு என்று இருந்துவிட்டேன். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. இதை எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

தான்சானியாவில் என்னை யாரும் அடிக்கவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

தையல்காரி கேட்ட கேள்வி

யாரோ போன் பண்ணி நீமா வந்து சேர்ந்தாள். கூடவே ஒரு தையல்காரி வந்தாள். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. அங்கே பத்து வீட்டுக்கு ஒரு தலைவர் உண்டு; அந்தத் தெருவுக்கு அவள்தான் தலைவி. என்னையும் நீமாவையும் ஒரு மர நிழலில் உட்காரவைத்தாள். அவள் கேட்பதை நீமா எனக்குச் சொன்னாள். நான் சொல்வதை அவளுக்குச் சொன்னாள்.

"உங்க ஊர்ல யார் வேணும்னாலும் யார் பிள்ளையையும் தூக்கிட்டுப் போகலாமா?" என்று கேட்டாள் தையல்காரி.

"யார் வேணும்னாலும் இல்ல. நான் போகலாம்."

"நீங்க மட்டும் ஏன்?"

"அந்தப் பிள்ளைகளோட அம்மாக்கள்ல பாதிப்பேரு சின்னதுல என்கிட்ட வந்தவுக. அவுகளையும் நான்தான் தூக்கிட்டு வந்தேன்."

தையல்காரி அதைக் கேட்டுத் தலையை ஆட்டினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "இந்தத் தெருவுல எந்த அம்மா உங்ககிட்ட வந்தவ?"

சுற்றி நின்ற பெண்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்தேன்.

அங்கே ஒரு பழக்கம் இருக்கிறது. எவ்வளவு தெரிந்த வீடாக இருந்தாலும் வேலிக்கு வெளியே நின்று "ஹோடி" என்று குரல் கொடுக்கவேண்டும். உள்ளே இருப்பவர் "கரிபு" என்றால் போகலாம். மூன்று தரம் கூப்பிட்டும் பதில் இல்லையென்றால், ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் திரும்பிவிடவேண்டும். தான்சானியாவில் அந்தத் தெருவில் நேற்றுப் பிறந்த பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் எனக்குத் தெரியவில்லை. நீமாவின் தாளில்கூட அது மூன்றாவது வரியில் இருந்ததாம்.

"படிச்சீங்களா மாமா?" என்று நீமா கேட்டாள்.

"இல்லம்மா."

"கையெழுத்துப் போட்டிருக்கீங்களே?"

"போட்டுத்தான் பழக்கம். படிச்சுப் பழக்கமில்ல."

நீமா சிரிக்கவில்லை. இந்த விஷயம் பரவினால் நாளைக்கு எந்தத் தாயும் பிள்ளையை அனுப்பமாட்டாள் என்ற பயம் அவள் முகத்தில் தெரிந்தது. நான் எழுந்து எல்லாருக்கும் பொதுவாகக் கும்பிட்டேன். தையல்காரி கையை ஆட்டி மறுத்தாள். "எங்ககிட்ட மன்னிப்புக் கேட்டு என்ன செய்ய? அவ முற்றத்துல நின்னு கேளுங்க. அவ 'கரிபு' சொன்ன பிறகு உள்ளே போய்க் கேளுங்க. அவ சொல்லலேன்னா கேக்க முடியாது."

அதுவரை நான் கஞ்சி கிண்டலாம், பாத்திரம் கழுவலாம், பிள்ளைகளைத் தொடக்கூடாது என்றாள் நீமா. ஊருக்குத் திரும்ப எனக்கு ஐந்து வாரம் இருந்தது.

அன்று வீட்டுக்காரரிடம் போனில் சொன்னேன். முதலில் அவர் சிரித்துவிட்டார். "பிள்ளை பிடிக்கப் போயி நீயே பிடிபட்டுட்டியாக்கும்." பிறகு குரலைத் தணித்தார். "இந்தா, அங்கன இருந்து அசிங்கப்படாத. டிக்கெட்ட மாத்திக் கெளம்பி வந்துரு."

"வர மாட்டேன்" என்றேன். "அந்தப் பொண்ணு ஈரத்துணியோட ஓடியாந்தது கண்ணுக்குள்ளயே நிக்குது. அப்படியே விட்டுட்டு வந்தா எனக்குச் சோறு எறங்காது."

ஹோடி

மறுநாள் காலை கள்ளி வேலிக்கு வெளியே போய் நின்றேன். துணைக்குத் தம்பி வந்திருந்தான். "ஹோடி" என்றேன். என் குரலா அது என்று இருந்தது. நாலு தெருவுக்குக் கேட்கிற மாதிரிப் பிள்ளைகளைக் கூப்பிட்டவள் நான். உள்ளே பாத்திரம் உருட்டுகிற சத்தம் நின்றது. இன்னும் இரண்டு தரம் சொன்னேன். பதில் இல்லை.

"அக்கா, உள்ளதான் இருக்கு. நான் பேசிப் பாக்கட்டா?" என்றான் தம்பி.

"நீ பேசாம வா."

மறுநாள் முதல் அவனை விட்டுவிட்டுத் தனியாகப் போனேன். மூன்று ஹோடி, கொஞ்சம் நிற்பது, திரும்பி நடப்பது. ஒரு நாளைக்கு ஒரு தடவைதான். உள்ளே அடுப்புப் புகை தெரியும். சில நாள் முற்றத்தில் அவள் நிழலும் தெரியும். நேரே அடுப்படிவரை போய்ப் பழகிய கால்களை வேலிக்கு வெளியே நிறுத்திவைப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குச் சொல்லி விளங்காது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகவில்லை. அவளுக்கும் எனக்கும் லீவு.

தெருவில் எனக்குப் பழக்கம் கூடியது. என் முந்தானையைப் பிடித்த அதே பெண் ஒருநாள் குழாயடியிலிருந்து "இன்றைக்கும் இல்லையா" என்பதுபோலக் கையை விரித்துக் காட்டினாள். நானும் விரித்துக் காட்டினேன். சென்டருக்குப் பிள்ளைகள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். நல்லவேளை. ரெஹேமா மட்டும் வரவில்லை. அம்மாவோடு சந்தைக்குப் போய்க் கருவாட்டுக் கூடைக்குப் பின்னால் சாக்கில் உட்கார்ந்திருக்கிறாள் என்று நீமா சொன்னாள். வெயிலில் உட்கார்ந்து பிள்ளைக்குக் கண் பொங்கிவிட்டது என்றும் சொன்னாள். அது என்னால்தானே. அன்றைக்குக் கஞ்சி அடிப்பிடித்துவிட்டது.

மூன்றாவது வாரம் ஒருநாள், நான் இரண்டாவது ஹோடி சொல்லும்போது வேலி இடுக்கு வழியாக ரெஹேமா வெளியே வந்துவிட்டாள். "மாமா" என்றாள். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு என் முன்னால் நின்றாள். தூக்கு என்று அர்த்தம். பிள்ளை கை தூக்கி நான் தூக்காமல் நின்றது என் ஆயுசில் அன்று ஒருநாள்தான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். மூன்றாவது ஹோடியையும் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தேன். பிள்ளை அழுகிற சத்தம் முக்குவரை கேட்டது. நானும் அழுதுகொண்டுதான் போனேன்.

அதற்கு அடுத்த நாளும் பதில் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. தம்பி என் பெட்டியை எடுத்துத் தூசி தட்டி வைத்தான்.

புதன்கிழமையோ வியாழக்கிழமையோ, மூன்று ஹோடியும் முடிந்து திரும்பிவிட்டேன். இரண்டு எட்டு வைத்திருப்பேன்.

"கரிபு."

ஏன் அன்றைக்குச் சொன்னாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

உள்ளே போனேன். கருவாட்டுக் கூடையைத் துணியால் மூடிக் கட்டிக்கொண்டிருந்தாள். சந்தைக்குக் கிளம்புகிற நேரம். மன்னிப்புக் கேட்க நீமா அவர்கள் பாஷையில் ஒரு நீள வாக்கியம் சொல்லிக்கொடுத்திருந்தாள். அதைத் தினமும் கஞ்சிப் பானைக்கு முன்னால் ஒப்பித்திருந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் ஒரு எழுத்துக்கூட நினைவில் இல்லை. தமிழ்தான் வந்தது.

"தாயி, தெரியாமப் பண்ணிட்டேன். உன்னையக் கேக்காம உன் பிள்ளையத் தொட்டது என் தப்பு. ஒரு நிமிசம் உன் உசுரு போயி வந்திருக்கும். மன்னிச்சுக்கோ."

அவள் கடைசிவரை கேட்டாள். புரிந்த மாதிரியும் இருந்தது, புரியாத மாதிரியும் இருந்தது. ஒரு முக்காலியை என் பக்கம் தள்ளினாள். ஒரு குவளையில் பால் விடாத தேநீர் கொடுத்தாள். சர்க்கரை கொட்டியிருந்தது. நான் குடித்து முடிப்பதற்குள் கூடையைக் கட்டி முடித்தாள். ரெஹேமா என் முழங்காலுக்குப் பக்கத்தில் வந்து வளையலை ஏற்ற ஆரம்பித்தாள். நான் கையை அசைக்கவில்லை.

குவளையைத் திரும்ப வாங்கிக் கவிழ்த்துவிட்டு, அவள் பிள்ளையைத் தூக்கினாள். மூக்கைத் துடைத்துவிட்டாள். என்னை எழுந்திருக்கச் சொல்லிச் சைகை காட்டினாள். எழுந்தேன். பிள்ளையைக் கொண்டுவந்து என் இடுப்பில் உட்காரவைத்து, ஒரு காலை முன்னாலும் ஒரு காலைப் பின்னாலும் அவளே எடுத்துப் போட்டாள்.

பிறகு கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு சந்தைப் பக்கம் நடந்தாள். புதிதாகப் பிள்ளையை விட்டுப் போகிற எந்தத் தாயும் தெரு திரும்புவதற்குள் நாலு தரம் பார்த்துவிடுவாள். அதனால் அவள் திரும்பும்போது டாட்டா காட்டலாம் என்று பிள்ளையின் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேலியடியில் நின்றேன்.

முக்கு திரும்புகிறவரை ரெஹேமாவின் அம்மா ஒருதரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.